விவாகரத்து ஒரு வழக்கு, ஜீவனாம்சம் வேறு வழக்கு

"அம்மா வீட்டுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டக் காசில்லை. ஆனால் விவாகரத்து வாங்க மனசில்லை. அது வாங்காமல் பணம் கேட்க முடியாதாமே?" தமிழ்நாட்டில் எந்தச் சட்ட உதவி மையத்துக்குப் போனாலும் காதில் விழக்கூடிய கேள்வி இது. பதில் சுருக்கமானது: தாராளமாகக் கேட்கலாம். விவாகரத்து மனு போட வேண்டிய அவசியமே இல்லை.

குழப்பத்துக்குக் காரணம், மூன்று விஷயங்களை நாம் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுவதுதான். திருமணம் முடிவுக்கு வருகிறதா என்பது ஒன்று. பிள்ளை யாரிடம் வளர்வது என்பது இன்னொன்று. சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் பிள்ளையின் படிப்புக்கும் யார் பணம் கொடுப்பது என்பது மூன்றாவது. சட்டத்தில் இவை மூன்றும் தனித்தனி மனுக்கள். சட்டப்பிரிவு வேறு, வழக்கு எண் வேறு, நகரும் வேகமும் வேறு. எதிர்ப்போடு நடக்கும் விவாகரத்து வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுக்கும். இடைக்கால ஜீவனாம்சம், அதாவது வழக்கு முடியும்வரை மாதாமாதம் கொடுக்கச் சொல்லும் தொகை, சில மாதங்களில் கிடைக்க வாய்ப்புண்டு. ஆகவே வக்கீலிடம் போனதும் "விவாகரத்து வாங்கிக் கொடுங்கள்" என்று ஆரம்பிப்பதைவிட, "இப்போதைக்கு என் கையில் வருமானம் இல்லை, முதலில் எதைப் போடலாம்?" என்று கேட்பது நல்லது. என்னைக் கேட்டால், அடுத்த மாத வாடகைக்கே வழியில்லாதவர் முதலில் போட வேண்டியது ஜீவனாம்ச மனுதான்.

முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. வக்கீல்கள் இன்றும் பழக்கதோஷத்தில் 'ஒன் ட்வென்ட்டி ஃபைவ்' என்றுதான் சொல்வார்கள். 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவு இருக்கிறது. சாரம் ஏறக்குறைய அதேதான்: போதிய வசதி உள்ள ஒருவர், தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ள முடியாத மனைவியையும் பிள்ளைகளையும் பெற்றோரையும் கவனிக்காமல் விட்டால், மாதாமாதம் பணம் கொடுக்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிடலாம். விவாகரத்தாகி மறுமணம் செய்யாத பெண்ணும் இந்தப் பிரிவில் மனைவி என்ற கணக்கில்தான் வருவார். முறையான திருமணத்தில் பிறக்காத குழந்தைக்கும் இந்த உரிமை உண்டு. ஒரு காலத்தில் மாதம் 500 ரூபாய்க்கு மேல் கொடுக்கச் சொல்ல முடியாது என்ற உச்சவரம்பு இருந்தது. 2001இல் அதை எடுத்துவிட்டார்கள்.

மதம் இதற்குத் தடையில்லை. முஸ்லிம் பெண்கள் இந்தப் பிரிவில் கேட்க முடியுமா என்பது 1985இன் ஷா பானு தீர்ப்பிலிருந்து இழுபறியாக இருந்த கேள்வி. விவாகரத்தான முஸ்லிம் பெண்ணும் கேட்கலாம் என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

எங்கே போடுவது? கணவர் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. ஒரு கற்பனை உதாரணம் எடுத்துக்கொள்வோம். கவிதாவின் கணவர் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். பிடித்தம் போகக் கையில் வரும் சம்பளம் 30,000 ரூபாய். கவிதா ஆறு வயது மகனோடு திண்டுக்கல்லில் அம்மா வீட்டில் இருக்கிறார். அவர் திண்டுக்கல்லிலேயே மனு போடலாம். குடும்ப நீதிமன்றம் உள்ள இடத்தில் அங்கே, இல்லாத இடத்தில் மாஜிஸ்திரேட் கோர்ட்டில். அதற்கு எம்.சி. (மெயின்டனன்ஸ் கேஸ், ஜீவனாம்ச வழக்கு) என்று தொடங்கும் ஒரு எண் கிடைக்கும். கூடவே இடைக்கால ஜீவனாம்சத்துக்கு ஒரு தனி மனுவையும் போட்டுவிட வேண்டும். இதைப் போட மறந்தால் இறுதி உத்தரவு வரும்வரை கையில் ஒன்றும் வராது. எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து கூடியவரை 60 நாட்களுக்குள் இடைக்கால மனுவை முடிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. நடைமுறையில் தள்ளிப்போகும், அது வேறு கதை. ஆனால் வாய்தா மேல் வாய்தா போகும்போது, அந்த 60 நாளை நினைவுபடுத்தச் சொல்லி உங்கள் வக்கீலைக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

எவ்வளவு கிடைக்கும்? இதற்கு அட்டவணை ஏதும் கிடையாது. கணவரின் நிகரச் சம்பளத்தில் 25 சதவீதம் என்று உச்ச நீதிமன்றம் 2017இல் ஒரு வழக்கில் சொன்னதை எல்லோரும் சட்டம்போல எடுத்துச் சொல்வார்கள். அது ஓர் அளவுகோல் மட்டுமே. வழக்குக்கு வழக்கு கூடும், குறையும். பிள்ளைக்கான தொகை தனியாகச் சேரும். தொகையை உண்மையில் தீர்மானிப்பது ஒரு காகிதக் கட்டுதான்.

2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்புக்குப் பிறகு, ஜீவனாம்ச வழக்கில் இரு தரப்பும் சொத்து, கடன், வருமானம், செலவு பற்றி ஒரு பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும். இதைப் பலரும் வக்கீல் ஆபீஸில் குமாஸ்தா நிரப்பிக்கொள்வார் என்று விட்டுவிடுகிறார்கள். அப்படி விடாதீர்கள். மாத வாடகை, மளிகை, பால், கேஸ், ஸ்கூல் ஃபீஸ், வேன் கட்டணம், மருந்துச் செலவு, கரன்ட் பில் என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். ரசீது இருப்பதற்கு ரசீது, ஜிபே-யில் போனதற்கு வங்கி ஸ்டேட்மென்ட். பத்திரத்தில் 'இதர செலவு 10,000' என்று ஒற்றை வரி இருந்தால் குறுக்கு விசாரணையில் அது நிற்காது. எதிர்த்தரப்பின் வருமானத்துக்கும் உங்களால் முடிந்த தடயத்தைக் கொடுங்கள்: சம்பளச் சீட்டின் போட்டோ, எந்த வங்கியில் கணக்கு, வண்டி எண், கடையின் பெயர்ப்பலகை, ஊரில் உள்ள நிலத்தின் பட்டா எண். சம்பளச் சீட்டு இல்லாமல் ரொக்கமாக வாங்குபவரிடம்தான் இது மிகவும் தேவைப்படும். வழக்கு வந்ததும் வேலையை விட்டுவிட்டேன் என்று சொல்கிறவர்கள் உண்டு. உடல் ஆரோக்கியமாக உள்ள கணவர் வருமானமே இல்லை என்று தப்ப முடியாது என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன.

அதே பத்திரத்தில் உங்கள் வருமானத்தையும் மறைக்கக் கூடாது. தையல் மெஷினில் வரும் நாலாயிரத்தை மறைத்துவிட்டு, எதிர்த்தரப்பு வக்கீல் அதை வெளியே எடுத்தால், மீதி நீங்கள் சொன்ன உண்மைகளும் நம்பிக்கை இழக்கும். சம்பாதிக்கிற மனைவிக்கு ஜீவனாம்சம் கிடையாது என்பதும் சரியல்ல. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முடியாதவர் என்றால் பிச்சை எடுக்கும் நிலையில் இருக்க வேண்டும் என்று அர்த்தமில்லை என 2007லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. படித்திருக்கிறாள், வேலைக்குப் போகலாமே என்ற வாதத்துக்கும் பதில் இருக்கிறது. சம்பாதிக்கும் தகுதி வேறு, சம்பாதிப்பது வேறு.

ரஜ்னேஷ் தீர்ப்பில் இன்னொரு முக்கியமான விஷயம் உண்டு: ஜீவனாம்சத்தை மனு போட்ட தேதியிலிருந்தே கணக்கிட வேண்டும். முன்பு சில நீதிமன்றங்கள் உத்தரவிட்ட தேதியிலிருந்து கொடுப்பதும் உண்டு. வித்தியாசம் எவ்வளவு என்று பாருங்கள். கவிதா மனு போட்டு 18 மாதம் கழித்து, அவருக்கும் மகனுக்குமாக மாதம் 9,000 ரூபாய் என்று இறுதி உத்தரவு வருகிறது. மனு தேதியிலிருந்து கணக்கிட்டால் 1,62,000 ரூபாய். இடையில் கணவர் மாதம் 5,000 வீதம் 12 மாதம் கட்டியிருந்தால் அந்த 60,000 கழியும். மீதி 1,02,000 ரூபாய் பாக்கி. உத்தரவுத் தேதியிலிருந்து என்றால் இந்த ஒரு லட்சம் காற்றில் போயிருக்கும். பெரியவர்கள் பேசி முடிப்பார்கள் என்று மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய கணக்கு இது. பேச்சுவார்த்தை நடக்கட்டும், மனுவும் கோர்ட்டில் இருக்கட்டும். சமாதானம் ஆனால் வாபஸ் வாங்கிக்கொள்ளலாம்.

எல்லோருக்கும் கிடைத்துவிடும் என்றும் சொல்ல முடியாது. நியாயமான காரணம் இல்லாமல் கணவருடன் வாழ மறுத்தால், வேறொருவருடன் தகாத உறவில் வாழ்ந்தால், இருவரும் சம்மதித்துப் பிரிந்து வாழ்ந்தால் 144ஆம் பிரிவில் மனைவிக்குத் தொகை கிடைக்காது. அதனால்தான் கணவர் பதிலாகத் தாக்கல் செய்யும் எதிருரையில் 'அவளாகவே போய்விட்டாள், நான் கூப்பிட்டும் வரவில்லை' என்ற வரி தவறாமல் இருக்கும். ஏன் வெளியே வந்தீர்கள் என்பதற்கான காரணத்தை மனுவிலேயே தேதி, சம்பவத்தோடு எழுதியிருந்தால்தான் அதற்குப் பதில் சொல்ல முடியும். மனைவியின் உரிமையில் என்ன தகராறு வந்தாலும் பிள்ளையின் உரிமை அதோடு போகாது.

அடி, மிரட்டல், வீட்டைவிட்டுத் துரத்துவது, ஏடிஎம் கார்டைப் பிடுங்கி வைத்துக்கொள்வது என்று ஏதாவது நடந்திருந்தால், 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் இன்னும் அகலமான கதவு. மாஜிஸ்திரேட்டிடம் ஒரே மனுவில் பாதுகாப்பு உத்தரவு, மாதத் தொகை, குடியிருக்கும் உரிமை, பிள்ளையின் தற்காலிகப் பொறுப்பு, நஷ்டஈடு எல்லாம் கேட்கலாம். வீடு மாமனார் பெயரில் இருக்கிறது, அதனால் மருமகளுக்கு உரிமை இல்லை என்று பலர் பயமுறுத்துவார்கள். குடும்பமாக வாழ்ந்த வீடு கணவரின் உறவினர் பெயரில் இருந்தாலும் அங்கே குடியிருக்கும் உரிமையைக் கேட்கலாம் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. வீடு உங்களுக்குச் சொந்தமாகிவிடும் என்று இதற்குப் பொருளில்லை, சட்டப்படி அல்லாமல் வெளியேற்ற முடியாது, அவ்வளவுதான். இந்த மனுவைத் தயாரிக்க, மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் உள்ள பாதுகாப்பு அலுவலர் உதவுவார். அவசரத்துக்கு 181 என்ற பெண்கள் உதவி எண் உண்டு. இரண்டு சட்டங்களிலும் மனு போடலாம், ஆனால் இரண்டு முறை முழுத்தொகை வாங்க முடியாது. ஒன்றில் கிடைத்ததை மற்றொன்றில் சொல்ல வேண்டும், நீதிமன்றம் கழித்துக்கொள்ளும்.

சரி, வக்கீல் ஃபீஸுக்கு எங்கே போவது? 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இலவச வக்கீல் உண்டு. வருமானம் எவ்வளவு என்ற கேள்வியே கிடையாது. மாதம் 50,000 சம்பாதிக்கும் பெண்ணும் கேட்கலாம். பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கும் அப்படியே. மற்ற ஆண்களில் பெரும்பாலோருக்கு வருமான வரம்பு உண்டு. ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும், தாலுகா அளவில் வட்டச் சட்டப் பணிகள் குழு இருக்கும். வெள்ளைத் தாளில் விஷயத்தைத் தமிழில் எழுதி, ஆதார் நகலோடு கொடுத்தால் போதும். வழி தெரியாவிட்டால் 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். நியமிக்கப்படும் வக்கீலுக்கான கட்டணத்தை ஆணைக்குழு கொடுக்கும். அவர் உங்களிடம் தனியாகப் பணம் கேட்டால் அதே அலுவலகத்தில் புகார் சொல்லுங்கள். அவர் சரியாக வருவதில்லை என்றால் மாற்றித் தரும்படி எழுதிக் கொடுக்கலாம். இலவசம் என்பதாலேயே மட்டமாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம், காசு கொடுத்துப் பிடிக்கிற வக்கீலிலும் நல்லவர் கெட்டவர் உண்டுதானே.

குடும்ப நீதிமன்றத்துக்கு ஒரு தனித்தன்மை உண்டு. 1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டப்படி, அங்கே வக்கீல் வைத்து வாதாடுவது தானாக வரும் உரிமையல்ல, நீதிமன்றத்தின் அனுமதியோடுதான். நடைமுறையில் அனுமதி கிடைத்துவிடுகிறது. ஆனால் நீதிபதி உங்களிடமே நேரடியாகக் கேள்வி கேட்பார். சமரசத்துக்கு முயல வேண்டியது அந்த நீதிமன்றத்தின் கடமை என்பதால் கவுன்சலிங்குக்கும் அனுப்புவார்கள். கவுன்சலர் முன் சேர்ந்து வாழ ஒப்புக்கொண்டே தீர வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. 'வேண்டாம்' என்று சொன்னால் வழக்கு விசாரணைக்குத் திரும்பும், அதனால் உங்களுக்குக் கெட்ட பெயர் வராது.

இனி பிள்ளை. இந்து சட்டத்தில் அப்பா இயற்கைக் காப்பாளர் என்று இருந்தாலும், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை சாதாரணமாக அம்மாவிடம் இருக்க வேண்டும் என்று 1956ஆம் ஆண்டின் சட்டமே சொல்கிறது. ஐந்து வயதானதும் தானாக அப்பாவிடம் போய்விடும் என்பது வெறும் பேச்சு. எந்த வயதிலும் கடைசி வார்த்தை குழந்தையின் நலன்தான். யார் அதிகம் சம்பாதிக்கிறார்கள் என்பதைவிட, இத்தனை நாள் யார் குளிப்பாட்டி, சாப்பாடு ஊட்டி, ஸ்கூலுக்குக் கூட்டிப்போனார்கள் என்பது பேசும். தடுப்பூசி அட்டை, பெற்றோர் கூட்டத்தில் போட்ட கையெழுத்து, டாக்டர் சீட்டு இதற்கெல்லாம் சாட்சி. விவரம் தெரிந்த வயது என்றால் நீதிபதி பிள்ளையைத் தன் அறைக்கு அழைத்துத் தனியாகப் பேசுவார். அதற்கு முன் பிள்ளைக்கு வசனம் சொல்லிக் கொடுத்து அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். ஏழு வயதுப் பிள்ளை 'மன உளைச்சல்' என்று பேச ஆரம்பித்தால் யார் எழுதிக் கொடுத்தது என்பது நீதிபதிக்குப் புரியாதா என்ன?

பிள்ளை யாரிடம் இருந்தாலும் மற்றவருக்குப் பார்க்கும் உரிமை உண்டு. வாரக் கடைசியில் சில மணி நேரம், கோடை விடுமுறையில் பாதி, தூரத்தில் இருப்பவருக்கு வீடியோ கால் என்று உத்தரவு வரும். பெரும்பாலான சண்டைகள் இங்கேதான் முற்றுகின்றன. பணம் கட்டவில்லை, அதனால் பிள்ளையைக் காட்டமாட்டேன் என்பார் ஒருவர். பிள்ளையைக் காட்டவில்லை, அதனால் பணம் கட்டமாட்டேன் என்பார் மற்றவர். இரண்டும் செல்லாது. இரண்டும் தனித்தனி உத்தரவுகள், ஒன்றை மீறியதற்கு மற்றொன்றை மீறுவது பதில் ஆகாது. பணம் வராததற்குப் பாக்கி வசூல் மனு போடுங்கள், பிள்ளையைக் காட்டாததற்கு அந்த உத்தரவை நிறைவேற்றக் கோரி மனு போடுங்கள்.

விவாகரத்தைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், பலருக்கும் அது கடைசியில்தான் தேவைப்படுகிறது. முதலில் ஒரு எச்சரிக்கை: ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதும் 'விடுதலைப் பத்திரம்', நோட்டரி முத்திரை இருந்தாலும், விவாகரத்து ஆகாது. குறிப்பிட்ட சமூகத்தில் காலங்காலமாக அப்படி ஒரு வழக்கம் இருப்பதை நிரூபிக்க முடிந்தால் மட்டுமே சட்டம் அதை ஏற்கும். அந்தப் பத்திரத்தை நம்பி இரண்டாம் திருமணம் செய்தவர்கள் மாட்டிக்கொள்வது அடிக்கடி நடக்கிறது. இத்தனை வருடம் பிரிந்திருந்தால் தானாக ரத்தாகிவிடும் என்பதும் கிடையாது.

இந்துத் திருமணச் சட்டத்தில் பரஸ்பர சம்மத விவாகரத்துக்கு, ஒரு வருடமாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். மனு போட்டபின் ஆறு மாதம் கழித்து இரண்டாவது முறை இருவரும் வந்து உறுதி சொல்ல வேண்டும். சமரசத்துக்கு வழியே இல்லை, பணமும் பிள்ளையும் பேசி முடிந்துவிட்டது என்றால் அந்த ஆறு மாதத்தை நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கிறிஸ்தவர்களுக்கும் சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிவு செய்தவர்களுக்கும் தனித்தனிச் சட்டங்கள். சம்மதம் இல்லையென்றால் கொடுமை, இரண்டு வருடம் கைவிட்டுப் போனது, வேறு உறவு போன்ற காரணங்களில் ஒன்றை நிரூபிக்க வேண்டும். பரஸ்பர ஒப்பந்தத்தில் 'இனி எந்தக் காலத்திலும் பிள்ளைக்குப் பணம் கேட்கமாட்டேன்' என்று ஒரு வரியை நுழைப்பார்கள். அம்மா கையெழுத்துப் போட்டாலும் பிள்ளையின் உரிமை அதோடு தீராது, ஆனாலும் கையெழுத்துப் போடும் முன் அந்த வரியை அடிக்கச் சொல்வதே புத்திசாலித்தனம். கணவன் மனைவி இருவரில் வருமானம் இல்லாதவர் யாரோ அவர் வழக்கு நடக்கும்போது இடைக்காலத் தொகை கேட்கலாம் என்பதும் இந்துத் திருமணச் சட்டத்திலேயே இருக்கிறது. அதாவது கணவரும் கேட்கலாம்.

சம்மன் வந்தால், அது எந்த வழக்காக இருந்தாலும், வாங்காமல் திருப்பி அனுப்புவது புத்திசாலித்தனம் என்று நினைக்க வேண்டாம். ஆள் வராவிட்டால் ஒருதலைப்பட்சமாக உத்தரவு வரும். ஜீவனாம்ச வழக்கில் அதை ரத்து செய்யக் கேட்க மூன்று மாதம்தான் அவகாசம், அதுவும் வராததற்குத் தகுந்த காரணம் சொன்னால்.

உத்தரவு வந்தும் பணம் வரவில்லையா? பாக்கி ஒவ்வொன்றும் விழுந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் வசூல் மனு போட வேண்டும். தாண்டினால் அந்த மாதத்துப் பணத்தை வாரண்ட் மூலம் வசூலிக்கும் வழி மூடிவிடும். நீதிமன்றம் சொத்தையோ சம்பளத்தையோ முடக்கலாம், பாக்கியுள்ள ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம்வரை சிறைக்கும் அனுப்பலாம். ஜெயிலுக்குப் போய்விட்டு வந்தால் கணக்குத் தீர்ந்தது என்று சிலர் சொல்லிக்கொண்டு திரிவார்கள். தீராது. சிறை என்பது பணத்தைக் கட்டவைக்கும் வழி, பணத்துக்குப் பதில் அல்ல என்று உச்ச நீதிமன்றம் முன்பே சொல்லிவிட்டது. விலைவாசி ஏறி, பிள்ளை பெரிய வகுப்புக்குப் போய், கணவரின் சம்பளமும் கூடியிருந்தால் தொகையை உயர்த்தக் கேட்கலாம். அவருக்கு உண்மையிலேயே வேலை போயிருந்தால் அவர் குறைக்கக் கேட்கலாம். கவிதாவின் கணவர் திருப்பூரை விட்டுப் பெங்களூருக்குப் போய்விட்டாலும், அங்கே உள்ள மாஜிஸ்திரேட் மூலமாகவே திண்டுக்கல் உத்தரவை நிறைவேற்றலாம். அதற்குத் தேவையான உத்தரவின் நகலைக் கவிதாவுக்குக் காசு வாங்காமல் கொடுக்க வேண்டும் என்றும் சட்டத்தில் எழுதியிருக்கிறது.